ஜமீனுக்கு மஞ்சள் தண்ணீர்

மாசி 26, ஞாயிறு

தீவனக் கடையில் கொடுத்த டைரி தவிட்டு மூட்டையின் மேல் தூசி படிந்து கிடந்தது. ஆடுகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்த தேதிகளை எழுதி வைக்கலாம் என்றுதான் வாங்கி வந்தேன். இன்றைக்கு மருந்தும் கொடுக்கவில்லை, மண்ணும் கொடுக்கவில்லை. எழுதாவிட்டால் யாரையாவது கடித்து வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

காலையில் இவருடைய அண்ணன் வந்தார். சென்னியப்பன் மாமா எங்கள் தோட்டத்துக்கு வந்தால் வாசலில் நிற்கிற பழக்கம் கிடையாது. கிளுவை வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நேராக ஆட்டுப் பட்டிக்குள் போவார், தனக்கே சொந்தம் போல ஒரு சுற்றுச் சுற்றுவார், பிறகுதான் தம்பியைக் கூப்பிடுவார். இன்றைக்குச் சுற்றிவிட்டு எங்கள் கிடாய் ஜமீனின் பக்கத்தில் நின்று அதன் முதுகை அழுத்திப் பார்த்தார். நானும் தினமும் அந்த முதுகைத் தொடுகிறவள்தான். கறிக்கடைக்காரன் தொடுகிற தொடல் எது என்று எனக்குத் தெரியாதா?

"பங்குனி நோம்பிக்கு நம்ம கருப்பணசாமிக்கு இந்தக் கெடாயத்தான் குடுக்கறதுன்னு கோயில்ல சொல்லிப்போட்டு வந்துட்டன். பிரதீப்புக்குக் கால் சரியானதுக்கு நேந்தது," என்றார். பிரதீப் அவருடைய மகன்.

இவர் "சரிங்கண்ணா" என்றார். அவ்வளவுதான். பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேதான் நின்றேன். என்னை இரண்டு பேரும் பார்க்கவில்லை. செம்பைப் பார்த்திருந்தாலாவது ஆள் ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று தெரிந்திருக்கும்.

மாசி 27, திங்கள்

நேற்று ஆத்திரத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வெள்ளாடு என்றால் கறி. பாலுக்காக வெள்ளாடு வளர்க்கிறவள் நான் ஒருத்திதான். அம்மா வீட்டிலிருந்து எனக்கென்று வந்த இரண்டு பெட்டை ஆடுகளில் ஆரம்பித்தது. இன்றைக்குப் பரண் கொட்டகை நிறைய நிற்கிறது. ஆட்டுப் பால் வீச்சமடிக்கும் என்று மூக்கைப் பொத்தியவர்கள் இப்போது கைக்குழந்தைக்கு என்று செம்போடு வருகிறார்கள். வீச்சம் பாலில் இல்லை, கிடாயில்தான். கிடாயைத் தள்ளிக் கட்டினால் பால் பாலாகத்தான் இருக்கும். இது தெரியாமல் ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஜமீன் எங்கள் கிடாய். வடநாட்டு ஜமுனாபாரி இனம். குட்டியாக வந்தபோதே காது முழங்காலைத் தொட்டது. மூக்கு வளைந்து, கழுத்தைத் தூக்கி அவன் நடக்கிற நடையைப் பார்த்து என் மகள் தாரணி வைத்த பெயர் ஜமீன். அவனுக்குப் பிறந்த பெட்டைகளில் முதல் இரண்டு இந்த வருஷம்தான் கறவைக்கு வந்தன. தாய்களைவிட மகள்களின் மடி பெரிது, பாலும் அதிகம். நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது இதைத்தான். மற்றவை இனிமேல்தான் வர வேண்டும். இப்போது ஜமீனைக் கொடுத்துவிட்டால் அந்த வம்சம் இதோடு நின்று, என் பட்டி பழைய நிலைமைக்குத்தான் போய் நிற்கும்.

கொடுக்கமாட்டேன். எழுதி வைத்துவிட்டேன்.

மாசி 29, புதன்

இவர் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"சந்தையில வேற கெடா வாங்கி உங்க அண்ணனுக்குக் குடுத்தர்லாமுங்க. பெருசாவே வாங்கிக் குடுப்போம்."

"அண்ணன் இந்தக் கெடான்னு சாமி முன்னால சொல்லிட்டாரே, கோகிலா. மாத்த முடியாது."

"என்ற கெடாய நேர்றதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணுமில்ல?"

"ஊட்டு ஆடுதான?"

இந்த "ஊட்டு ஆடு" என்பதை, அதாவது வீட்டு ஆடு என்பதை, விளக்கமாக எழுதி வைக்கிறேன். விடியலில் எழுந்து சாணி அள்ளும்போது அது கோகிலவாணியின் ஆடு. மடி வீங்கி டாக்டரைக் கூப்பிட ஓடும்போது கோகிலவாணியின் ஆடு. குட்டி வாழைத் தோட்டத்தில் புகுந்துவிட்டால் நிச்சயமாக கோகிலவாணியின் ஆடு. தூக்கிக் கொடுக்கும்போது மட்டும் ஊட்டு ஆடு.

ரசத்துக்குப் பதிலாக அவருக்கு இன்னொரு முறை சாம்பாரையே ஊற்றினேன். கவனிக்கவில்லை.

பங்குனி 1, வெள்ளி

கோயில் பூசாரி நாச்சிமுத்து வந்து ஜமீன் கழுத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார். இனி அவனை விற்க முடியாது. நேர்ந்த கிடாயை எவனும் வாங்கவும் மாட்டான், தன் பட்டியில் கட்டவும் மாட்டான். வெட்டுக்குத் தப்பினால் போதும், வெளியூரில் விற்றுவிடலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அதோடு முடிந்தது.

பூசாரி மரியாதையான மனிதர். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "கெடா அம்சமா இருக்குதம்மா. சாமி உத்தரவு குடுத்தா சரி," என்றார்.

எங்கள் கோயிலில் உத்தரவு இல்லாமல் வெட்டமாட்டார்கள். கிடாயை நிறுத்தி, பம்பை அடித்து, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். மூன்று முறை ஊற்றியும் சிலுப்பாவிட்டால் சாமிக்கு அது வேண்டாம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சிலுப்பாத கிடாயைப் பார்த்ததே இல்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் எந்த ஆடுதான் சிலுப்பாது?

பங்குனி 2, சனி

வெயில் கொளுத்துகிறது. ஜமீன் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். சிலுப்பினான். என் முகம், ரவிக்கை எல்லாம் நனைந்தது.

பங்குனி 3, ஞாயிறு

இன்றைக்கும் வெயில். ஜமீனைக் குளிப்பாட்டினேன். சிலுப்பினான்.

பங்குனி 5, செவ்வாய்

சோளத்தட்டு வந்து இறங்கியது. பாதி பூஞ்சை. கொண்டுவந்தவனைத் திட்டித் திருப்பி அனுப்பினேன்.

ஜமீனுக்கு இப்போது காலையும் மாலையும் குளியல். தண்ணீர் ஊற்றும்போது வாயில் வேலங்காய் இருந்தால் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது. மெல்லுகிற மும்முரத்தில் சிலுப்புவது பாதியாகக் குறைந்தது. வெயில் காலத்தில் ஆட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது நல்லது. வேறொன்றுமில்லை.

இவர் இந்த டைரியைப் படிக்கமாட்டார். படித்தாலும் படிக்கட்டும், வெயிலுக்குக் குளிப்பாட்டுவது குற்றமா?

பங்குனி 7, வியாழன்

சாந்தாமணி அக்கா பாலுக்கு வந்தார். சென்னியப்பன் மாமாவின் மனைவி, எனக்கு ஓரகத்தி. வயிற்றுப் புண்ணுக்கு ஆட்டுப் பால்தான் ஒத்துக்கொள்கிறதாம். ஆனால் அதை வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் குடிக்க வேண்டும். "ஆட்டுப் பால் குடிக்கற நெலமைக்கா வந்துட்டோம்" என்று அவர் கேட்டாராம். அதனால் அக்கா பூப்பறிக்கிற கூடைக்குள் சின்னப் போசிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வருவார். பெரிய வீட்டு மருமகள் பால் வாங்குவதற்குத் திருடி போல வரவேண்டியிருக்கிறது.

எனக்கு அக்காமேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. பதினான்கு வருஷமாக வீட்டுக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். இன்றைக்கு மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க்கா, நீங்களாவது மாமாகிட்டச் சொல்லக்கூடாதா?"

"நான் சொல்லி அவரு என்னிக்குக் கேட்டாரு?" கூடையில் பூவைப் பரப்பிப் போசியை மூடினார். "பிரதீப் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நேந்தது நானு. மாவெளக்கு வெக்கறேன்னுதான் நேந்தேன். கெடாயின்னு மாத்துனது அவரு. மாவெளக்குன்னா ஊருக்குத் தெரியாதாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னால் போதுமா? இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். கோழையிடம் நியாயம் இருந்து என்ன பிரயோசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி 10, ஞாயிறு

தாரணி கேட்டாள்: "ஏம்மா தண்ணில மஞ்சத்தூள் போடற?"

"ஈ மொய்க்காம இருக்கும் கண்ணு."

"வேப்பந்தழையும் போட்டிருக்கற?"

"அதும் ஈக்குத்தான்."

பத்து வயசுக்காரி என்னையே ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வேப்பங்கொத்தை எடுத்து, பூசாரி செய்வது போலவே மூன்று தரம் ஜமீன் தலையைச் சுற்றித் தெளித்தாள். அவன் வேலங்காய் மென்றுகொண்டு நின்றான். சிலுப்பவில்லை.



பங்குனி 12, செவ்வாய்

காலையில் ஜமீனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது சென்னியப்பன் மாமா வந்துவிட்டார். எனக்கு ஒரு கணம் கை நின்றுவிட்டது. அவர் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"சாமிக்குப் போற கெடாய இப்படித்தாம்மா பாத்துக்கோணும். உம்மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. புத்தி வந்துருச்சுன்னு சந்தோசம்," என்றார்.

"ஆமாங்க மாமா, வந்துருச்சுங்க," என்றேன்.

பங்குனி 14, வியாழன்

வேலங்காயை நிறுத்திவிட்டேன். கோயிலில் யார் வேலங்காய் கொடுப்பார்கள்? முதல் செம்புக்கு ஒரு சின்ன உதறல் வந்தது. நான் காதைத் தடவிக்கொண்டே இருந்தேன். இரண்டாவதுக்கு வரவில்லை.

பங்குனி 15, வெள்ளி

பால் கறக்கும்போது போனில் பம்பைச் சத்தம் போட்டு வைத்தேன். முதலில் எல்லா ஆடுகளும் மிரண்டு, மூக்கி என்கிற சினை ஆடு பக்கத்தில் இருந்த செம்பையே உதைத்துவிட்டது. இவர் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"பாட்டு கேட்டா பால் எச்சா சொரக்குமாமுங்க."

"இந்தப் பாட்டுக்கா?"

"அதுகளுக்கு என்ன புடிக்கும்னு நமக்கென்ன தெரியும்."

அவர் ஜமீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். சாயங்காலம் பார்த்தால், கொட்டகைக்கு மேல் இருக்கிற கறுப்புத் தண்ணீர் டேங்கின் ஒழுகுகிற குழாயை மாற்றி, ஜமீன் கட்டியிருக்கிற இடம்வரை எட்டுகிற மாதிரி நீள ஹோஸ் பொருத்தியிருந்தார். நான் கேட்கவில்லை. "வெயிலுக்கு ஆகும்," என்று மட்டும் சொன்னார்.

இந்த மனிதரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பங்குனி 18, திங்கள்

மூக்கி குட்டி போட்டது. முதல் குட்டி கால் மடங்கி வந்தது. கையை விட்டு நிமிர்த்தி எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. இரண்டும் பெட்டை. இரண்டுக்கும் அப்பனின் காது. ஈரம் காய்வதற்குள் எழுந்து காதை மிதித்துக்கொண்டு விழுந்தன.

சந்தோஷமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. யாரும் பக்கத்தில் இல்லை, அதனால் அழுதேன்.

பங்குனி 19, செவ்வாய்

சீம்பால் திரட்டி எல்லார் வீட்டுக்கும் கொடுத்தேன். பெரிய வீட்டுக்கும்தான்.

பங்குனி 21, வியாழன்

கோயிலுக்குத் தனியாகப் போனேன். நோம்பித் திருவிழா சாட்டியிருப்பதால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் சாமி முன்னால் நின்று நேரடியாகச் சொன்னேன்.

உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. தாரணி பிறந்தபோது உனக்கு நான் நேர்ந்த கிடாயை என் கையால் வளர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். அன்றைக்கும் எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் கொடுத்தேன். ஏனென்றால் நான் சொன்னது அது. இது நான் சொன்னதில்லை. என் பொருளை எடுத்து அடுத்தவர் உனக்குக் கொடுத்தால் அது கொடையா, திருட்டா? நீயே சொல். நான் செய்துகொண்டிருப்பது தப்பென்றால் அதையும் சொல். அவன் சிலுப்பட்டும்.

கருப்பணசாமி பதில் சொல்வதற்குள் வெள்ளையடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

பங்குனி 23, சனி

பம்பை, மஞ்சள், வேப்பிலை, கழுத்தில் சாமந்தி மாலை. ஜமீன் கல்லாட்டம் நிற்கிறான். மாலையை மட்டும் தின்றுவிட்டான்.

பங்குனி 25, திங்கள்

எல்லாம் போயிற்று.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. டேங்க் காலி. மத்தியானம் கரண்ட் வந்ததும் போர் மோட்டாரைப் போட்டு, நேராகக் குழாயிலிருந்து குடத்தில் பிடித்து ஜமீன் தலையில் ஊற்றினேன். அவன் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பினான். காது இரண்டும் படபடவென்று அடித்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் ஊற்றியது வெயிலில் காய்ந்த டேங்க் தண்ணீர். வெதுவெதுவென்று இருக்கும். அதற்குத்தான் அவன் பழகியிருக்கிறான். போர் தண்ணீர் ஜில்லென்று விழுந்ததும் அவன் பழைய ஆடாகிவிட்டான். முட்டாள், முட்டாள். பம்பையை யோசித்தேன், மாலையை யோசித்தேன், வேப்பிலையை யோசித்தேன், தண்ணீரை யோசிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் சாந்தாமணி அக்கா கூடையோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. நனைந்த ஆட்டைப் பார்த்தார். மஞ்சள் குடத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். குடத்துக்குள் ஒரு விரலை விட்டு எடுத்தார்.

"கோயில் கெணத்துத் தண்ணி இதைவிட ஜில்லுன்னு இருக்கும், கோகிலா," என்றார்.

போசியில் பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

குத்திக்காட்டுவதற்கென்றே வந்தாரா? வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார். சொல்லட்டும். நாளைக்கே ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டட்டும். அவருக்கு இனிமேல் ஒரு சொட்டுப் பால் கிடையாது.

பங்குனி 26, செவ்வாய்

நாளைக்கு நோம்பி. ஒரு நாளில் எதைப் பழக்குவது? போர் தண்ணீரில் ஆறு தடவை ஊற்றினேன், ஆறு தடவையும் சிலுப்பினான். கடைசியில் அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்.

பெரிய வீட்டிலிருந்து சண்டை ஒன்றும் வரவில்லை. அக்கா இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாளைக்கு அவன் சிலுப்பினால் என்ன செய்வேன்? கயிற்றை விடமாட்டேன். அது மட்டும் தெரியும்.

பங்குனி 28, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

ஜமீனை நான்தான் நடத்திக்கொண்டு போனேன். இவர் கயிற்றைக் கேட்டார், கொடுக்கவில்லை. கோயிலில் ஆண்கள் முன்னால், பெண்கள் வேலமரத்துப் பக்கம். அங்கே போனதும் சென்னியப்பன் மாமாவின் ஆள் கயிற்றை வாங்கிக்கொண்டான். வாங்கினான் என்று எழுதுவது மரியாதைக்கு. பிடுங்கினான்.

பம்பை ஆரம்பித்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கிடாய்க்கு முதலில் ஊற்றினார்கள். கோயில் கிணற்றுத் தண்ணீர். தலையில் பட்டதும் சிலுப்பியது. குலவை போட்டார்கள்.

அடுத்தது எங்கள் முறை. நேர்ந்த வீட்டின் மூத்த மருமகள்தான் மஞ்சள் தண்ணீர்க் குடம் கொண்டுவர வேண்டும். சாந்தாமணி அக்கா வந்தார். பித்தளைக் குடம், அதன் வாயில் வேப்பங்கொத்து. முந்தானையைச் சுருட்டிக் குடத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்திருந்தார். அடியில் பிடித்த கையிலும் முந்தானை சுற்றியிருந்தது. கோயில் கிணற்றடிக்குப் போகாமல் நேராக வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தார். இதை நான் மட்டும்தான் பார்த்தேனா என்று தெரியவில்லை.

பூசாரி செம்பைக் குடத்துக்குள் விட்டார். விட்ட கை ஒரு கணம் அங்கேயே நின்றது. அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்கா சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி செம்பை எடுத்து ஊற்றினார்.

ஜமீன் நின்றான். காதிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. அவன் கூட்டத்துக்குள் யாரையோ தேடுவது போல் தலையைத் திருப்பினான்.

இரண்டாவது செம்பு. நின்றான்.

மூன்றாவது செம்பை முதுகு நீளத்துக்கும் ஊற்றினார். ஜமீன் கழுத்து மாலையில் ஒரு பூவைக் கடித்து மெல்ல ஆரம்பித்தான். பம்பைக்காரர் அடிப்பதை விட்டுவிட்டார்.

"இன்னொருக்கா ஊத்துங்க," என்றார் சென்னியப்பன் மாமா. அவருடைய ஆள் ஜமீன் காதில் ஊதப் போனான். "சாமி காரியத்துல வெளையாடாத, தள்ளு," என்று பூசாரி அவனை விலக்கினார். பிறகு கேட்டார்:

"இந்தக் கெடாய்க்கு ஒடமக்காரங்க ஆரு?"

"நாந்தான்," என்றார் மாமா.

"வளத்தது?"

"தம்பி ஊட்டுல."

"தம்பி, இங்க வா. நீ மனசாரக் குடுக்கறயா?"

இவர் முன்னால் போனார். வேட்டியில் கையைத் துடைத்தார். அண்ணனைப் பார்த்தார். பதினான்கு வருஷமாக நான் கேட்டுச் சலித்த "சரிங்கண்ணா" அவர் வாயில் வந்து நிற்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அதை விழுங்கினார்.

"குடுக்கறதுக்கு எனக்குப் பாத்தியம் இல்லீங்க. அது என்ற சம்சாரம் வளத்தது. அவளக் கேளுங்க."

அத்தனை பேரும் வேலமரத்துப் பக்கம் திரும்பினார்கள். நான் போனேன். வழி விட்டார்கள். சாமியிடம் சொன்னதையெல்லாம் இங்கே சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நீ குடுக்கறயாம்மா?"

"குடுக்கலீங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெரிதாகவே இருக்கட்டும் என்று அடுத்ததையும் சொன்னேன்.

"எங்கிட்ட ஆரும் கேக்கல. கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேனுங்க."

சென்னியப்பன் மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமி காரியத்துல பொம்பளைக கூடிக்கிட்டு என்ன பேச்சு இது? நேந்தது நிக்குமா?" என்றார்.

"நேந்தது நானு."

சொன்னது சாந்தாமணி அக்கா. குடத்தை இறக்கவே இல்லை. "மாவெளக்குன்னு நேந்தேன். காலையில மொத ஆளா வந்து வெச்சுட்டன். சாமிக்குக் கொறை ஒண்ணும் இல்ல. ஆட்ட அவுத்து உடுங்க."

பூசாரி ஜமீன் கழுத்திலிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தார். கயிற்றை என் கையில் கொடுத்தார். குலவை போடலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் யாரோ ஒரு பெண் தனியாகப் போட்டாள், பிறகு வேலமரத்துப் பக்கம் முழுக்கப் போட்டது.

நாங்கள் மூவரும் ஜமீனும் நடந்து வந்தோம். தாரணி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். இவர் படலைத் திறக்கும்போதுதான், "ஹோஸ் நான் எதுக்குப் போட்டேன்னு நெனச்ச?" என்றார்.

நேற்று இரவு அவருக்கு ரசம் வைத்தேன்.

பங்குனி 29, வெள்ளி

சென்னியப்பன் மாமா எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். இனி படலைத் தள்ளிக்கொண்டு யாரும் பட்டிக்குள் வரமாட்டார்கள். பேசாவிட்டால் பேச வேண்டாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சாமி விட்ட கிடாய் என்று ஜமீனுக்கு இப்போது தனி மரியாதை. இரண்டு பேர் தங்கள் பெட்டை ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, ஜமீனோடு சேர்க்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். என்னை.

சாந்தாமணி அக்கா வந்தார். இன்றைக்குக் கூடை இல்லை. எவர்சில்வர் செம்பு, பெரியது, வெறும் கையில், ஊர் பார்க்க.

பால் கிடையாது என்று திங்கட்கிழமை எழுதியதை இங்கேயே அடித்துவிடுகிறேன். கோழை என்று எழுதியதையும் சேர்த்து.

"மாமா ஏதாவது சொன்னாருங்களா?"

"நெறையா சொன்னாரு," என்றார் அக்கா. "ரெண்டு நாளா நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

அவருடைய உள்ளங்கை சூடு பட்டுச் சிவந்து, லேசாகக் கொப்புளம் கண்டிருந்தது. பார்த்தேன். குடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. எண்ணெய் எடுத்து வந்து கொடுத்தேன், தடவிக்கொண்டார்.

ஜமீன் முடியில் மஞ்சள் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. கழுவிவிடலாம் என்று ஹோஸைத் திறந்தேன். டேங்கில் தண்ணீர் அப்போதுதான் ஏறியிருந்தது, வெயில் இன்னும் படவில்லை. ஜில்லென்று விழுந்ததும் ஜமீன் ஒரு சிலுப்பு சிலுப்பினான். கோயிலில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிலுப்பினான். அக்கா சேலை, என் சேலை, முகம், தலை எல்லாம் மஞ்சள்.

அக்கா முகத்தை வழித்துவிட்டு, "இன்னிக்குத்தான் உத்தரவு குடுக்கறான்," என்றார்.

"எதுக்குங்க்கா?"

"பால் கறக்கறதுக்கு. செம்ப எடு, நேரமாச்சு."

எடுத்தேன்.